குடியிருப்போர் உடைமையும் புயற் காப்பீடும்

வருமுன் காத்தலை வலியுறுத்த வந்த வள்ளுவப் பெருந்தகை, நெருப்பின் முன் நிற்கும் வைக்கோற்போரை உவமையாகக் காட்டினார். நெருப்புக்குச் சொன்ன அவ்வுவமை நீருக்கும் காற்றுக்கும் பொருந்தும் என்பதை அண்மைக்காலப் புயல்கள் நமக்கு உணர்த்தி வருகின்றன.

கீழ்பென்னாத்தூர் கடற்கரை ஊர் அன்று. புயல் என்பது கடலூருக்கும் நாகைக்கும் உரியது என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியின் அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் விரைந்து விலகாமல் ஏறத்தாழ அசைவின்றி நின்று மழையைக் கொட்டித் தீர்த்தது. மறுநாள் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவின் மண்ணும் பாறையும் வீட்டின்மேல் சரிய, சிறார் ஐவர் உட்பட எழுவர் உயிரிழந்தனர். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் வெளியேற்றப்பட, தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. கடலில் பிறக்கும் புயல் கடற்கரையோடு நின்றுவிடுவதில்லை என்பது அன்று புலனாயிற்று.

நம் பகுதியில் படித்து முடிக்கும் பிள்ளைகள் பலரும் பிழைப்பின் பொருட்டுச் செல்வது சென்னை, புதுச்சேரி, கடலூர் முதலிய கடலோர நகரங்களுக்கே. அங்கு அவர்கள் குடியேறுவது வாடகை வீடுகளில். 2011இல் தானே, 2015இல் சென்னைப் பெருவெள்ளம், 2016இல் வர்தா, 2018இல் கஜா, 2023இல் மிக்ஜாம் என இடர்கள் தொடர்கின்றன. ஆகவே, குடியிருப்போர் தம் உடைமைக்குக் காப்பீடு தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

வீடு எவருடையது? பொருள் எவருடையது?

நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் சென்னையில் தரைத்தள வீடொன்றில் குடியிருந்தார். 2023 டிசம்பரில் வெள்ளம் புகுந்து குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், கட்டில், மெத்தை, மடிக்கணினி யாவும் பாழாயின. "வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறார் ஐயா, எனக்கும் ஏதாவது கிடைக்கும் என்று இருந்துவிட்டேன்" என்று அவர் வருந்திக் கூறினார். அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

இதில் வியப்பில்லை. ஒரு பொருள் அழிந்தால் எவருக்குப் பண இழப்பு நேருமோ அவரே அப்பொருளைக் காப்பிட இயலும் என்பது காப்பீட்டின் அடிப்படை. சுவரும் கூரையும் உரிமையாளருடையவை. அவர் எடுக்கும் காப்பீடு அவற்றுக்கே. உள்ளிருக்கும் சாமான்கள் குடியிருப்பவருடையவை. அவற்றைக் காக்கும் பொறுப்பும் அவருடையதே. அரசு வழங்கும் நிவாரணம் பசி தீர்க்கும். பொருளை மீட்டுத் தராது. மிக்ஜாம் புயலின்போது தமிழக அரசு குடும்பத்திற்கு ரூ.6,000 வழங்கியது. அவ்வுதவி பெரிதே எனினும், ஒரு சலவை இயந்திரத்தின் விலைக்கும் அது போதாது.

தேர்ந்தெடுக்கும் முறை

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைப்படி 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவடிவப் பாலிசி நடைமுறையில் உள்ளது. கட்டடத்தை மட்டுமோ, பொருள்களை மட்டுமோ, இரண்டையும் சேர்த்தோ இதில் காப்பிடலாம். குடியிருப்போர் பொருள்களை மட்டும் காப்பிட்டால் போதும். எந்த நிறுவனத்தின் பாலிசியாயினும் கையொப்பமிடுமுன் நான்கு வினாக்களுக்கு விடை காணல் வேண்டும்.

முதலாவது, எந்தெந்த இடர்கள் அடங்கும்? புயற்காற்றால் கூரை பெயர்தல் வேறு. வெள்ளம் உட்புகுதல் வேறு. மேற்சொன்ன பொதுவடிவப் பாலிசியில் புயல், வெள்ளம், நிலச்சரிவு, தீ, இடி, நிலநடுக்கம் ஆகியன அடங்கும். எல்லா நாட்டிலும் இவ்வாறு இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா முதலிய கடலோர மாநிலங்களில் குடியிருப்போர் எடுக்கும் வழக்கமான பாலிசியில் வெள்ளம் பொதுவாக அடங்குவதில்லை. அதற்கென 1968இல் ஏற்படுத்தப்பட்ட தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் தனியே சேர வேண்டியுள்ளது. 'புயல்' என்ற சொல்லைக் கண்டதும் மனநிறைவு கொள்ளாது, 'வெள்ளம்' என்ற சொல்லும் உள்ளதா எனத் தேடிப் பார்த்தல் அறிவுடைமை.

இரண்டாவது, எவ்வளவு தொகைக்குக் காப்பிடுவது? அறை அறையாகச் சென்று பொருள்களைப் பட்டியலிட்டு, இன்று அவற்றை வாங்க ஆகும் விலையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். பிரீமியத்தைக் குறைக்க எண்ணித் தொகையைக் குறைத்துக் காட்டுதல் நன்றன்று. நான்கு லட்சம் மதிப்புள்ள பொருளை இரண்டு லட்சத்திற்குக் காப்பிட்டவருக்கு ஒரு லட்சம் இழப்பு நேர்ந்தால், பழைய முறைப் பாலிசிகள் ஐம்பதாயிரமே தரும். பொதுவடிவப் பாலிசியில் இவ்விகிதக் கழிவு இல்லை; எனினும் காப்பிட்ட தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் கிடைக்காது.

மூன்றாவது, எவை அடங்கா? ரொக்கப் பணம், சான்றிதழ்கள், பத்திரங்கள், கையெழுத்துப் படிகள், வாகனங்கள் ஆகியன பொதுவாக விலக்கப்பட்டவை. நகைகளுக்குத் தனியே கூடுதல் காப்பு எடுத்தல் வேண்டும். திருட்டைப் பொறுத்தவரை, இடர் நிகழ்ந்த ஏழு நாட்களுக்குள் அவ்விடரின் விளைவாக நேர்ந்தது மட்டுமே பொதுவடிவப் பாலிசியில் அடங்கும். வீட்டு வாசலில் நிறுத்திய இருசக்கர வாகனத்திற்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருப்பின் வெள்ளச் சேதத்திற்கு இழப்பீடு கிடையாது. மாணவச் செல்வங்கள் தம் சான்றிதழ்களை நீர்புகா உறையிலிட்டு உயரத்தில் வைப்பதும், படியெடுத்து டிஜிலாக்கரில் சேர்ப்பதும் எந்தக் காப்பீட்டினும் சிறந்த காப்பாகும்.

நான்காவது, வீடு வாழத் தகாததாகிவிடின் மாற்று வீட்டின் வாடகை கிடைக்குமா? பொருளை மட்டும் காப்பிடுவோர் இதனை முன்னரே கேட்டு எழுத்தில் பெறுதல் நலம்.

காலமும் கருதத்தக்கது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் வலுப்பெறும். ஆடி, ஆவணியிலேயே பாலிசியை எடுத்துவிட வேண்டும். வாசலில் நீர் ஏறியபின் ஓடிச் சென்று எடுக்கும் காப்பீடு அந்நீருக்கு உதவாது.

இழப்பு நேர்ந்தபின்

பட்டியலையும் ரசீதுகளையும் பொருள்களின் நிழற்படங்களையும் கைபேசியிலும், வெளியூரில் வாழும் உறவினர் ஒருவரிடத்தும் சேமித்து வைக்க வேண்டும். சேதம் நேர்ந்தவுடன் படமெடுத்து, நிறுவனத்திற்குத் தாமதமின்றித் தெரிவித்து, சர்வேயர் பார்வையிடும்வரை பாழான பொருளை எறியாதிருத்தல் வேண்டும். மறுப்போ தாமதமோ நேரின் முதலில் நிறுவனத்திற்கு எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு திங்களுக்குள் விடை வாராவிடினும், வந்த விடை நிறைவளிக்காவிடினும், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை (ஆம்பட்ஸ்மன்) கட்டணமின்றி அணுகலாம்.

மார்க்க நோக்கில்

நம் சமுதாயப் பெரியோர் சிலர்க்கு, காப்பீடு மார்க்கத்திற்கு உகந்ததா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. 1985இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, வணிக நோக்கிலான காப்பீட்டு ஒப்பந்தம் ஆகாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடு ஆகும் என்றும் முடிவு கூறிற்று. மலேசியா 1984இலேயே 'தகாஃபுல்' சட்டத்தை இயற்றியது. இந்தியச் சூழலில் வணிகக் காப்பீட்டை நாடலாமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஐயமுடையோர் தாம் மதிக்கும் ஆலிமிடம் கேட்டுத் தெளிக. பாலிசி வேண்டா என முடிவு செய்வோரும் வாளாவிருத்தல் கூடாது. ஜமாஅத்துகள் பைத்துல்மால் வாயிலாகப் பேரிடர் உதவி நிதியொன்றை மழைக்காலத்திற்கு முன்பே திரட்டி வைக்கலாம். ஒட்டகத்தைக் கட்டாமல் விட எண்ணியவருக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அளித்த அறிவுரையை அறியாதார் நம்மில் இலர். முயற்சியை விடுத்த நம்பிக்கையை மார்க்கம் நமக்குக் கற்பிக்கவில்லை.

வாடகை ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் நாளிலேயே பொருட்பட்டியல் எழுதும் வழக்கத்தை நம் மாணவர்கள் மேற்கொள்வார்களாக. அன்று எழுதும் ஒரு தாள், வீடு நனைந்த நாளில் அவர்களுக்குத் துணை நிற்கும். எல்லாம் வல்ல இறைவன் நம் மக்களையும் மண்ணையும் இடர்களினின்று காத்தருள்வானாக.