மல்லிகை விலை கிடுகிடு! கல்யாணப் பூவில் கையைச் சுடும் கணக்கு

பெசன்ட் நகர்:-

விடியற்காலை 2 மணி. ஊர் அடங்கிவிட்டது. எலியட்ஸ் கடற்கரையில் காற்று மட்டும்தான் உலாவுகிறது.

ஆனால் கல்யாணப் பூ வேலை எடுத்த வீட்டில் மட்டும் விளக்கு அணைவதில்லை. தரையில் ஈரச்சாக்கு. அதன்மேல் மல்லிகை மொட்டு. வாளித் தண்ணீரில் ரோஜா. இன்னொரு பக்கம் வாழைநார் ஊறிக் கொண்டிருக்கிறது. நாலைந்து பெண்கள் கால் கட்டைவிரலில் நாரை மாட்டிக்கொண்டு மளமளவென்று கட்டுகிறார்கள். 4½ - 6 முகூர்த்தம் என்றால் 3½ மணிக்குள் மணப்பெண்ணின் தலையில் ஜடை ஏறியாக வேண்டும்.

பார்ப்பவர்களுக்கு இது அழகான வேலை. பூ, வாசனை, கலர் என்று சொக்கிப் போவார்கள். வேலை எடுத்தவரோ மனசுக்குள் வேறு கணக்கு போட்டுக் கொண்டிருப்பார். நேற்று கோயம்பேட்டில் மல்லிகை என்ன விலைக்கு வந்தது என்பதுதான் அது!

பூ கட்டத் தெரிந்த கைகளுக்கு சென்னையில் பஞ்சமில்லை. கல்யாணப் பூ எடுத்து, அதில் நாலு காசு மிச்சம் பிடிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம்.

6 மாதத்துக்கு முன் சொன்ன விலை

அது எப்படி என்கிறீர்களா?

கல்யாணம் தை மாதம். பேச்சு நடப்பது ஆனி மாதம். மண்டபம் பிடித்த கையோடு பெண் வீட்டார் பூவுக்கும் வந்து விடுவார்கள். "மொத்தமா ஒரு ரேட் சொல்லுங்கம்மா, அப்புறம் ஏத்தக்கூடாது" என்பார்கள். வந்த வேலையை விட மனமில்லாமல் அவரும் ஒரு தொகையைச் சொல்லி விடுவார். அங்கேதான் வம்பு.

ஆனியில் மல்லிகை மலிவு. வெயில் காலத்தில் செடி கொட்டும். மார்கழி, தையில் பனி விழுந்தால் மொட்டு பிடிப்பதே குறைந்து விடும். வரத்து இல்லை. அதே நேரம் வைகுண்ட ஏகாதசி, பொங்கல், அதன் பின்னால் தை முகூர்த்தம் என்று வரிசையாக வரும். கிலோ சில நூறு ரூபாய்க்கு விற்ற மல்லிகை ஆயிரங்களைத் தாண்டும். மூவாயிரத்துக்கு மேல் போன நாட்களும் உண்டு.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் பாருங்கள். மொத்த வேலை 60 ஆயிரம் ரூபாய் என்று ஒப்புக்கொண்டாயிற்று. அதில் 12 ஆயிரம் நிற்கும் என்பது நினைப்பு. 10 கிலோ மல்லிகை வேண்டும். கிலோ 700 என்று போட்டு வைத்திருக்கிறார். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மார்க்கெட்டில் கிலோ 2,500 என்கிறார்கள். கிலோவுக்கு 1,800 கூடுதல். பத்து கிலோவுக்கு 18 ஆயிரம்! லாபம் 12 ஆயிரமும் போய், கையிலிருந்து 6 ஆயிரம் போட்டுத்தான் அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஜடை தைக்க வேண்டும்.

தங்கம் விலை ஏறினால் நகைக்கடைக்காரர் அன்றைய விலைதான் போடுவார். யாரும் கேள்வி கேட்பதில்லை. பூக்காரர் ஏற்றினால் மட்டும் "ஏமாத்தறாங்க" என்று சண்டை!

கோவிலும் சர்ச்சும்

பெசன்ட் நகரில் இந்தத் தொழில் செய்பவருக்கு இரண்டு வித்தை தெரிந்திருக்க வேண்டும். கடலோரம் 1976-ல் கும்பாபிஷேகம் நடந்த அஷ்டலட்சுமி கோவில் ஒரு பக்கம். அங்கே தாமரைக்கும் மாலைக்கும் கிராக்கி. கொஞ்ச தூரத்தில் அன்னை வேளாங்கண்ணி ஆலயம். அங்கே கல்யாணம் என்றால் பீடத்துக்குப் பூ, மணப்பெண் கையில் செண்டு, காருக்கு அலங்காரம்.

மாலை, ஜடைக்கு உதிரிப்பூ போதும். மல்லிகை, சம்பங்கி, கனகாம்பரம், அரளி, மரிக்கொழுந்து என்று கிலோக் கணக்கில் வாங்கலாம். செண்டுக்கு வேண்டியது காம்போடு கூடிய பூ. ரோஜாவும் ஜெர்பராவும் ஓசூர் பக்கமிருந்து வரும். கார்னேஷனும் லில்லியும் நீலகிரிப் பக்கமிருந்து இறங்கும். ஆர்க்கிட் விமானத்தில் தாய்லாந்திலிருந்துகூட வருகிறது. அது கட்டுக் கணக்கு. எண்ணி வாங்க வேண்டும்.

ஆவணி மாதத்தில் இந்த வட்டாரமே அல்லோலகல்லோலப்படும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி மாதா திருவிழா. காவி உடுத்தி ஜனங்கள் சாரை சாரையாக நடந்து வருவார்கள். அதையொட்டியே விநாயகர் சதுர்த்தி, கேரளத்தில் ஓணம், இங்கே ஆவணி முகூர்த்தம். அத்தனை பேரும் ஒரே சந்தைப் பூவுக்குத்தான் கை நீட்டுகிறார்கள். விலை சும்மா இருக்குமா?

மார்க்கெட் கோயம்பேட்டில். 1996-ல் அந்த வளாகம் திறப்பதற்கு முன் பூ மொத்த வியாபாரம் பாரிமுனைப் பக்கம், பத்ரியன் தெருவில் நடந்தது. இன்றைக்கும் அங்கேயுள்ள போலீஸ் நிலையத்துக்குப் பூக்கடை போலீஸ் நிலையம் என்றுதான் பெயர். அடிதடி, பிக்பாக்கெட் கேசுக்கு நடுவில் இப்படி மணமான ஒரு பெயர்!

ஆடி வந்தால் வகுப்பு

ஆடியில் கல்யாணம் இல்லை. மார்கழியிலும் இல்லை. கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலத்தில் இல்லை. அந்த மாதங்களில் கல்யாண வருமானம் சுத்தமாக நின்று விடும். அதை ஈடுகட்டத்தான் பலர் வீட்டுக் கூடத்திலேயே வகுப்பு எடுக்கிறார்கள்.

வகுப்புக்குப் பல ரகப் பெண்கள் வருகிறார்கள். பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு வரும் குடும்பப் பெண்கள், வேலையை விட்டவர்கள், சொந்தமாகத் தொழில் தொடங்க ஆசைப்படும் இளம்பெண்கள். பாட்டி கட்டிய பூவைத் தலையில் வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள், பணம் கட்டி முடிச்சுப் போடக் கற்றுக் கொள்கிறார்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பாட்டி இல்லாத வீட்டில் யார் சொல்லித் தருவார்கள்?

ஜடை தைப்பது சுலபமில்லை. பின்னல் நீளத்துக்கு வாழை மட்டையோ அட்டையோ வெட்டி, அதன்மேல் மொட்டு மொட்டாக ஊசியால் கோத்துத் தைக்க வேண்டும். மொட்டு எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். பெரியதும் சின்னதுமாகக் கலந்தால் ஜடை மேடு பள்ளமாகிவிடும். மொட்டு மலர்வதற்குள் தைத்து முடிக்க வேண்டும். மலர்ந்து விட்டால் போச்சு. ஈரத்துணியில் சுற்றி, பக்கத்தில் ஐஸ் வைத்து அதை ஏமாற்றிப் பார்ப்பார்கள். பூவும் சில சமயம் ஏமாறும்.

செண்டு வேலையில் வேறு நுணுக்கம். காம்பைச் சாய்வாக வெட்ட வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும்; விட்டால் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். ஜெர்பராவுக்குக் கழுத்து துவளும். அதற்குக் கம்பி சுற்ற வேண்டும்.

இத்தனையும் சொல்லித் தருகிற பல வகுப்புகளில் ஒன்றை மட்டும் சொல்லித் தருவதில்லை. விலை போடுவது! மார்க்கெட்டில் கிலோ, வீதியில் முழம். ஒரு கிலோ மொட்டு கட்டினால் எத்தனை முழம் வரும், கட்டுபவருக்குக் கூலி எவ்வளவு, வாடிக் கழிவது எவ்வளவு என்று தெரியாமல் தொழிலில் இறங்கினால் முதல் முகூர்த்தத்திலேயே நகை அடகுக்குப் போகும்.

பச்சை செங்கல்

மேடை அலங்காரத்தில் பூ குத்தி வைக்கும் பச்சை நிறக் கட்டியைப் பார்த்திருப்பீர்கள். செங்கல் மாதிரி இருக்கும். பஞ்சு மாதிரி தண்ணீர் குடிக்கும். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த வெர்னான் ஸ்மிதர்ஸ் என்பவர் 1954-ல் கொண்டு வந்த சரக்கு இது. தண்ணீரில் போட்டால் தானாக மூழ்க விட வேண்டும். அவசரப்பட்டுக் கையால் அமுக்கினால் நடுவில் காய்ந்தே கிடக்கும். ரிசப்ஷன் முடிவதற்குள் பூ தலையைத் தொங்கப் போட்டுவிடும்.

வேலை சுலபம்தான். ஆனால் சமாசாரம் பிளாஸ்டிக். மக்காது, தூள் தூளாக உடையும். இங்கிலாந்தில் ராயல் தோட்டக்கலைச் சங்கம் தன் கண்காட்சிகளில் 2021-ல் இதற்குத் தடை போட்டது. இங்கே கல்யாணம் முடிந்ததும் வாடிய பூவோடு சேர்ந்து குப்பைக்குத்தான் போகிறது. தென்சென்னைக் குப்பை பல ஆண்டுகளாகப் போய்ச் சேர்ந்த இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடி. இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. ஜப்பானிய இகெபனாக்காரர்கள் ஊசிகள் பதித்த கனமான உலோகத் தட்டில் காம்பைக் குத்துகிறார்கள். கழுவித் துடைத்தால் ஆயுசுக்கும் உழைக்கும். நம் ஊர் வாழைத்தண்டில் குத்தினாலும் பூ நிற்கும். செலவு குறைவு, நேரம்தான் கூடுதல். மண்டபக்காரர் அந்த நேரத்தைத் தர வேண்டுமே!

2020-ல் விழுந்த அடி

எல்லாரையும் ஒரேயடியாகச் சாய்த்தது 2020-ம் வருஷம். மார்ச் 25-ந் தேதி ஊரடங்கு. மே மாதம் கொரோனா பரவி கோயம்பேடு மார்க்கெட்டையே மூடினார்கள். பூ வியாபாரத்தை மாதவரத்துக்கு மாற்றினார்கள். கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று கட்டுப்பாடு. பங்குனி, சித்திரை, வைகாசிக்கு வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடு என்று கேட்டால், அந்தப் பணம் ஏற்கனவே கம்பியாகவும் துணியாகவும் மாறியிருக்கும். எழுதி வைத்த ஒப்பந்தமும் இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சு!

சுட்டுக் கொண்டவர்கள் இப்போது உஷார். மொத்தத் தொகை சொல்வதில்லை. கட்டுக்கூலி, அலங்காரக்கூலி தனி. பூவுக்கு அன்றைய மார்க்கெட் விலை என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். மல்லிகை எகிறினால் சம்பங்கி கலக்க ஒப்புதல் உண்டா என்றும் முன்பே கேட்டு விடுகிறார்கள். வகுப்பிலும் கடைசி நாளில் ஊசியைக் கீழே வைக்கச் சொல்லி, கையில் பேனாவைக் கொடுக்கிறார்கள் சிலர்.

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-ல் கிடைத்தது. பெருமைதான். ஆனால் ராத்திரி கண்விழித்துக் கட்டியவருக்குப் பெருமை அப்புறம். காலை 11 மணிக்கு மண்டபத்தில் மேடையைப் பிரிக்கும்போது அவர் தேடுவது பெண்ணின் அப்பாவை. அவர் சமையல்காரருக்கும் மேளக்காரருக்கும் பணம் எண்ணிக் கொண்டிருப்பார். பூக்காரரைக் கண்டதும், "நாளைக்கு வீட்டுக்கு வாங்கம்மா, பாத்துக்கலாம்" என்பார்.

விவரமான பெண்கள் நகர மாட்டார்கள். பாக்கியை வாங்கிக் கொண்டுதான் ஆட்டோ பிடிக்கிறார்கள்.