ஒளி வைத்தியம் – 9: ஜன்னலோரம் கிடந்த ரத்தம்

போன வாரம் நீல்ஸ் ஃபின்சனைப் பார்த்தோம். தோல் காசநோய்க்கு ஒளியைக் காட்டி 1903-ல் நோபல் பரிசு வாங்கியவர். அவருடைய ஒளி தோலோடு நின்றது. ஒளி பட்டால் ரத்தத்தில் இருக்கும் ஒரு பொருளே மாறிப்போகும் என்பது தெரியவர இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. அதை முதலில் கவனித்தவர் ஒரு நர்ஸ்.

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் ராச்ஃபோர்டு பொது மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகள் வார்டுக்குப் பொறுப்பு சிஸ்டர் ஜீன் வார்டு. இன்குபேட்டர் புழுக்கத்தைவிட வெளிக்காற்றும் வெயிலும் பிள்ளைகளுக்கு நல்லது என்பது அவர் கட்சி. வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். 1956-ல் ஒருநாள் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்தபோது, ஒரு குழந்தையின் துணியைத் தயங்கித் தயங்கி விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளிர் மஞ்சள். ஒரு முக்கோண இடம் மட்டும் அழுத்தமான மஞ்சள். அங்கே அயோடின் ஏதாவது பூசினீர்களா என்று கேட்டார் பெரிய டாக்டர். சிஸ்டர் சொன்ன விளக்கம் நேர்மாறாக இருந்தது. அந்த இடத்தில் எதுவும் ஏறவில்லை. அங்கே துணியின் முனை மூடியிருந்தது. வெயில் பட்ட மற்ற இடமெல்லாம்தான் வெளுத்துவிட்டது!

டாக்டர்கள் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். சில வாரம் கழித்து, காமாலை முற்றிய ஒரு குழந்தையின் ரத்தம் பரிசோதனைக்குப் போனது. காமாலையின் மஞ்சளைத் தரும் பிலிருபின் அளவு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்தது. விசாரித்தால், குழாய் ஜன்னலோர வெயிலில் கிடந்திருக்கிறது. புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தபோது அளவு உச்சத்தில் இருந்தது. அப்போதுதான் சிஸ்டர் காட்டிய முக்கோணம் நினைவுக்கு வந்தது. அந்த மருத்துவமனையின் கிரீமர், பெரிமேன், ரிச்சர்ட்ஸ் மூவரும் நீல ட்யூப் லைட்டுகளைத் தொட்டிலுக்கு மேலே வரிசையாகக் கட்டிச் சோதித்து, 1958-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். ஆசிரியர் பட்டியலில் சிஸ்டர் வார்டு இல்லை. இருந்திருக்க வேண்டும்.

சிவப்பணுக்கள் ஆயுள் முடிந்து உடையும்போது மிஞ்சும் கழிவுதான் பிலிருபின். அது தண்ணீரில் கரையாது. கல்லீரல் அதைக் கரையும் வடிவத்துக்கு மாற்றிப் பித்தத்தோடு அனுப்ப வேண்டும். பச்சைக்குழந்தையின் கல்லீரலில் அதற்கான நொதி இன்னும் முழு வேகத்துக்கு வந்திருக்காது. உடைகிற சிவப்பணுக்களோ அதிகம். அளவு எல்லை மீறினால் பிலிருபின் மூளைக்குள் போய்ப் படியும். பிழைத்தாலும் காது கேளாமையும் கட்டுக்கடங்காத கைகால் அசைவுகளும் ஆயுளுக்கும் தொடரலாம்.

பிலிருபின் மஞ்சளாகத் தெரியக் காரணமே அது நீல ஒளியை விழுங்குவதுதான். சுமார் 460 முதல் 490 நானோமீட்டர் வரையுள்ள ஒளி தோலில் ஓடும் ரத்தத்தில் பட்டதும், உள்பக்கமாக மடங்கிக் கிடக்கும் அந்த மூலக்கூறு முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. உள்ளே ஒளிந்திருந்த, தண்ணீரோடு சேரும் பகுதிகள் வெளியே வருகின்றன. பிறகு கல்லீரலின் அந்த நொதிக்குக் காத்திருக்காமல் பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடுகிறது. இதில் புற ஊதாக் கதிருக்கு வேலையே இல்லை. ‘லைட்டுல வைக்கணும்’ என்று டாக்டர் சொன்னதும் பிள்ளை கருத்துப்போகுமோ என்று பயப்படும் பாட்டிகளுக்கு இதை நிதானமாகச் சொல்லலாம். டயப்பரும் கண்கட்டும் தவிர மற்றதைக் கழற்றிவிடுவது, நிறையத் தோலில் ஒளி படட்டும் என்பதற்காக. காலை இளவெயில் காட்டுவது இதற்கு மாற்று ஆகாது. எவ்வளவு ஒளி பட்டது என்று யார் அளப்பது?

சரி, இந்த ஒளி நோய் எதிர்ப்பு மண்டலத்தையும் தொடுமா? தாய்க்கு ஆர்ஹெச் நெகடிவ், குழந்தைக்கு பாசிடிவ் என்றால், தாயின் எதிர்ப்புப் புரதங்கள் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். காமாலை அங்கே வேகமாக ஏறும். நீல விளக்கு அந்தத் தாக்குதலை நிறுத்தாது. உடைந்ததால் வரும் கழிவை மட்டும் அகற்றும். கடுமையாக இருந்தால் ரத்த மாற்றே வேண்டியிருக்கும். தாய்க்குள் அந்தப் புரதங்கள் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 1968-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜெரால்டு லூசி வெர்மான்ட்டில் முறைப்படி சோதனை நடத்தி, நீல ஒளியை அமெரிக்க டாக்டர்கள் ஏற்கும்படி செய்ததும் அதே வருடம்தான்.

ஆகவே ‘ரத்தத்தைச் சுத்திகரிக்கும், எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்று யாராவது கலர் விளக்கு விற்க வந்தால், எந்த மூலக்கூறு அந்த ஒளியை விழுங்குகிறது, விழுங்கிய பின் என்ன ஆகிறது என்று கேளுங்கள். காமாலை விளக்குக்கு இரண்டுக்குமே பதில் உண்டு. ரத்தக்குழாய்க்குள்ளேயே லேசர் ஒளியைச் செலுத்திய சோவியத் டாக்டர்களிடம் இதே கேள்விகளை அடுத்த வாரம் கேட்போம்.