பட்டும் பஞ்சும் சொல்லும் சூடு

தீப்பெட்டி ஆலையில் மின்கம்பி இழுக்காமல் வெப்பத்தை அளக்க வழியுண்டா என்று கோவில்பட்டி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவரும் அதே கண்ணாடி இழைதான். அதற்குள் ஓடுவது ஒளி மட்டும் என்பதால் மின்பொறிக்கே இடமில்லை. திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறலைக் கொண்டு, இழையின் எந்த இடத்தில் எவ்வளவு சூடு என்று கணக்கிட்டுவிடலாம். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் சோடியம் கசிவைக் கண்டறிய இம்முறையை ஆராய்ந்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது இதன் இன்னொரு வகை. கண்ணாடி சூட்டுக்கு அதிகம் அசைந்துகொடுக்காது, பட்டு கொடுக்கும். பட்டுக்கூட்டைச் சலவைச் சோடாவில் கொதிக்கவைத்துப் பிசினை நீக்கி, நூலை லித்தியம் புரோமைடில் கரைத்து, பிறகு உப்பைப் பிரித்தால் தெளிவான புரதக் கரைசல் மிஞ்சும். அதில் ஒரு துளியை இழையின் நுனியில் வைத்து உலர்த்தினால் மெல்லிய படலம் ஆகிவிடும். படலத்தின் இரு முகங்களிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலக்கிறது. மழைத்தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் வண்ணம் காட்டுவதும் இப்படித்தான். சூடு மாறினால் படலத்தின் தடிமனும் ஒளிவிலகலும் மாறும், திரும்பி வரும் நிறமும் நகரும். அந்த நகர்வே வெப்பமானி.

சிக்கல் ஈரத்தில் இருக்கிறது. உயிர்ப்பொருள் தண்ணீர் குடிக்கும். சில சிலந்திகளின் நூல் நனைந்தால் ஏறக்குறைய பாதியாகவே சுருங்கிவிடும்! பட்டுப்படலமும் ஈரத்தில் ஊதும். ஐப்பசி மழைக்காற்றைச் சூடு என்று கருவி தவறாகச் சொல்லக்கூடும். ஈரம் புகாத பூச்சு வேண்டும், அல்லது ஈரத்தை மட்டும் அளக்கும் இன்னோர் இழையைப் பக்கத்தில் வைத்துக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தண்ணீர்க் குணத்தையே பயனாக்கியவர்கள் பின்லாந்துக்காரர்கள். அங்குள்ள வி.டி.டி. ஆய்வு நிறுவனம் செல்லுலோஸில் ஒளியிழை செய்து 2020இல் வெளியிட்டது. ஒரு சென்டிமீட்டர் போவதற்குள் ஒளியில் கால்பங்குதான் மிஞ்சுகிறது. தொலைபேசிக்கு உதவாது, தண்ணீர் பட்டதை உணர்ந்து சொல்ல அதுவே போதும்.

பருத்திப் பஞ்சில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதே செல்லுலோஸ். இழை குட்டை என்று கருங்கண்ணிப் பருத்தியைக் கரிசலிலிருந்து பெரும்பாலும் ஒதுக்கிவிட்டோம். பஞ்சைக் கரைத்து ஒளியிழையாக இழுக்கும் வேலைக்கு அதன் நீளம் ஒரு பொருட்டே அல்ல. 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் கோவில்பட்டி, பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்களே, உங்கள் புராஜெக்டுக்கு ஒரு பிடி கருங்கண்ணிப் பஞ்சை எடுத்துப் பாருங்கள்.