பனித் தரையில் ஒரு மின்னல்

பனிக்கட்டித் தரை கண்ணாடி போல் வழுக்கும். அதன்மேல், அடியில் எஃகுத் தகடு பொருத்திய பூட்சு அணிந்து ஓட வேண்டும், ஆட வேண்டும். துள்ளி எழுந்து, அந்தரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். அப்போதும் முகத்தில் சிரிப்பு மாறக் கூடாது!

இதுதான் பனிச் சறுக்கு ஆட்டம். இதில் அமெரிக்காவையே மயக்கியவர் கிறிஸ்டபர் போமன்.

சினிமா ஊரில் பிறந்தவர்

போமன் 1967-ம் ஆண்டு ஹாலிவுட்டில் பிறந்தார். ஐந்து வயதிலேயே சறுக்கத் தொடங்கினார். சிறுவனாக இருந்தபோது விளம்பரப் படங்களிலும் டெலிவிஷன் நாடகத்திலும் நடித்தார். கூட்டத்தைக் கண்டால் அவருக்குக் கூச்சம் வராது, குஷி பிறக்கும்!

பிராங்க் கரோல் என்ற கண்டிப்பான ஆசிரியரிடம் 18 ஆண்டுகள் பயிற்சி பெற்றார். 1983-ம் ஆண்டுக்கான இளைஞர் உலகப் போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. 1989-ல் அமெரிக்க சாம்பியன் ஆனார். அதே ஆண்டு, பாரிஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில் இரண்டாவதாக வந்தார்.

"போமன் தி ஷோமன்" என்று பட்டப் பெயர் சூட்டி மக்கள் கொண்டாடினார்கள்.

திறமையே வினையானது

மற்றவர்கள் பாடுபட்டுக் கற்றது அவருக்கு எளிதில் வந்தது. அதனால் பயிற்சி கசந்தது.

1990-ல் கனடாவில் ஹாலிபாக்ஸ் நகரில் உலகப் போட்டி. இசைக்கு ஏற்ப ஒவ்வோர் அடியும் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். போமன் அதைப் பாதியில் விட்டுவிட்டு, மனம் போனபடி ஆடினார். ரசிகர்கள் ஆரவாரம் செய்தார்கள். ஆனால் மூன்றாம் இடம்தான் கிடைத்தது. அந்த ஆண்டே ஆசிரியரும் மாணவரும் பிரிந்தார்கள்.

சிரிப்புக்குப் பின்னால்...

1988 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரையன் பாய்டானோ விலகியதும், "அடுத்து போமன்தான்" என்று நாடே எதிர்பார்த்தது. அது பெரிய சுமை.

போட்டியிட்ட காலத்திலேயே கொக்கேன் என்ற போதை மருந்துக்கு அடிமையாகி இருந்ததைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அந்த மருந்து சிறிது நேரம் உற்சாகம் தரும். பிறகு மனத்தைச் சோர்வில் தள்ளும். "இன்னும் வேண்டும்" என்று உடல் கேட்கும். இதயத்தையும் கெடுக்கும்.

1992-ல் போமன் மீண்டும் அமெரிக்க சாம்பியன் ஆனார். பிரான்சில் ஆல்பர்ட்வில் ஒலிம்பிக்கில் நாலாவதாக வந்தார். முதல் மூவருக்குத்தான் பதக்கம்! ஒலிம்பிக் பதக்கம் கடைசி வரை அவருக்குக் கிட்டவில்லை.

பிறகு குழந்தைகளுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தார். ஆனால் பழக்கம் அவரை விடவில்லை. 2008 ஜனவரி 10-ந் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு விடுதி அறையில் பிணமாகக் கிடந்தார். போதை மருந்து அளவு மீறியதால் நேர்ந்த மரணம் என்று பரிசோதனையில் தெரிந்தது. வயது 40.

இரண்டு ஆண்டுகள் கழித்து, வான்கூவர் ஒலிம்பிக்கில் ஆசிரியர் கரோலின் மாணவர் ஒருவர் தங்கம் வென்றார். அவர் பெயர் இவான் லைசாசெக்.

போதைப் பழக்கம் ஒரு நோய். கெட்டிக்காரர் என்று அது யாரையும் விட்டுவைப்பதில்லை. நோய் என்பதால் அதற்குச் சிகிச்சையும் உண்டு. புகழ் பெற்ற பிள்ளையானாலும், "மனத்தில் என்ன கஷ்டம்?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒருவர் வேண்டும். கை தட்டுகிறவர்கள் அதைக் கேட்க மாட்டார்கள். வீட்டில் உள்ளவர்கள்தான் கேட்க வேண்டும்.