போர்க்களத்துக்கு முன் ஒரு களம் – 9
எதிரியின் கையைக் கட்டாதீர்கள்

படைகளுக்குப் பாவனைப் பயிற்சி திட்டமிடும்போது, எந்தக் கருவியை வாங்குவது என்று தொடங்கினால் திட்டம் அங்கேயே தடம் புரண்டுவிடுகிறது. எதிரியாக ஆடப்போவது யார், அவர் ஜெயித்தால் அந்த வெற்றியை ஒப்புக்கொள்வோமா என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும்.

1942-இன் தொடக்கத்தில் லிவர்பூலின் டெர்பி ஹவுஸ் மேல்மாடியில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி கில்பர்ட் ராபர்ட்ஸ் நடத்திய பயிற்சிக்கூடத்துக்குத் தேவைப்பட்டதெல்லாம் சாக்பீஸ், கயிறு, கித்தான் திரைகள், ரென் என்று அழைக்கப்பட்ட கடற்படைப் பெண்கள். தரைதான் அட்லாண்டிக் கடல். கப்பல்களின் பாதையை வெள்ளைச் சாக்பீஸால் வரைவார்கள். ஜெர்மன் நீர்மூழ்கியின் பாதை பச்சை. திரையின் துவாரம் வழியே பார்க்கும் காவல் கப்பல் அதிகாரிக்குப் பழுப்புத் தரையில் அந்தப் பச்சை தெரியாது. நடுக்கடலில் இரவில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அவருக்கும். ஆட்டம் முடிந்து திரைக்கு வெளியே வந்தால் தன் தவறு முழுவதும் தரையில் கோடாகக் கிடக்கும். நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல் வரிசைக்கு உள்ளேயே புகுந்து தாக்குகின்றன என்று அந்தத் தரையில்தான் புரிந்தது. ‘ராஸ்பெரி’ என்ற எதிர்த்தாக்குதல் முறையும் அங்கே பிறந்தது. போர் முடிவதற்குள் சுமார் 5,000 அதிகாரிகள் அங்கே பயின்றார்கள். அட்மிரல் மேக்ஸ் ஹார்ட்டனே நீர்மூழ்கித் தளபதியாக ஆடி, இளம் ரென் ஒருவரிடம் தோற்றார்.

அதே ஆண்டு மே மாதம், மிட்வே தீவைத் தாக்கும் திட்டத்துக்கு ஜப்பானின் ‘யமாடோ’ போர்க்கப்பலில் ஒத்திகை. பகடை உருண்டதில் ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்கள் மீது ஒன்பது குண்டுகள் விழுந்ததாகக் கணக்கு வந்தது. ‘அகாகி’யும் ‘காகா’வும் மூழ்கின. மேற்பார்வையிட்ட அட்மிரல் உகாகி ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். அகாகி பிழைத்தது. ஜூன் 4 அன்று அமெரிக்க விமானங்கள் உண்மையிலேயே இரண்டையும் தீக்கிரையாக்கின. பகடை வெறும் அதிர்ஷ்டம், அதை ஜோசியமாக்கக் கூடாது என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் வாதிடுகிறார்கள். நியாயமான வாதம். ஆனால் பகடை எழுப்பிய கேள்வி ஜோசியமல்ல. பக்கவாட்டிலிருந்து அடி விழுந்தால் என்ன செய்வோம் என்று யோசிக்கக் கிடைத்த நேரத்தை அந்தத் திருத்தம் பறித்துக்கொண்டது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. 2002-இல் அமெரிக்கா 25 கோடி டாலர் செலவில் நடத்திய ‘மில்லினியம் சேலஞ்ச்’ ஒத்திகையில் எதிரணித் தலைவர் பால் வான் ரைப்பர் மோட்டார் சைக்கிள் தூதர்கள் மூலம் ஆணைகளை அனுப்பி, ஏவுகணைகளாலும் சிறு படகுகளாலும் 16 கப்பல்களை மூழ்கடித்தார். கப்பல்கள் ‘மீட்கப்பட்டு’ ஆட்டம் தொடர்ந்தது. 13,500 பேரைத் திரட்டிவிட்டு ஆரம்பத்திலேயே வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்கிறார்கள். முடியாதுதான், கப்பல்களை மிதக்கவிட்டதில் தவறில்லை. தவறு அதன் பிறகு நடந்தது: எதிரணி எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று மேலிடம் சொல்லத் தொடங்கியது. வான் ரைப்பர் பொறுப்பிலிருந்து விலகினார். இதைத் தவிர்க்கும் வழி அட்டவணை போடும்போதே இருக்கிறது. தளபதிகள் மட்டும் ஆடும் சிறிய ஆட்டத்தை முன்னதாகவே பலமுறை நடத்த வேண்டும். தோற்ற அணி அதே நிலைமையில் மறுபடி ஆட நாள் ஒதுக்க வேண்டும். நடுவர்கள் எந்த அணியின் தளபதிக்கும் கீழே இருக்கக்கூடாது. பெரும்படையை அதன் பிறகு வரவழைக்கலாம்.