பிடி இருந்தால்தான் நடை!

மெக்கானிக்கல் மாணவனுக்குக் கருவில் வளரும் குழந்தையைப் பற்றி எழுத என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன் என் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. இரண்டு நாளாகியும் குழந்தை வெளிக்குப் போகவில்லை, வயிறு உப்பிவிட்டது. சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, "பெருங்குடலோட கடைசிப் பகுதியில நரம்புச் செல்களே இல்லை, ஆபரேஷன் பண்ணணும்" என்றார். வீட்டுப் பெரியவர்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: "ஏழாம் மாசத்துல கிரகணத்தன்னிக்கு வெளியே போனா, அதான்!" அக்கா பச்சை உடம்போடு உட்கார்ந்து அழுதாள்.

டாக்டரம்மா சொன்ன இன்னொரு வார்த்தை மட்டும் என் மனசில் தங்கிவிட்டது: "அந்தச் செல்கள் அங்கே வரைக்கும் நடந்து வந்து சேரல தம்பி." செல் நடக்குமா? அப்புறம் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உணவையும் மலத்தையும் தள்ளிக்கொண்டு போக, குடல் சுவருக்குள்ளேயே நரம்புச் செல்கள் உண்டு. ஆனால் அவை குடலில் பிறப்பதில்லை. மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாயின் விளிம்பில், பெரும்பாலும் கழுத்துப் பக்கத்தில் பிறக்கின்றன. அங்கிருந்து கிளம்பி, கருத்தரித்த 4-வது வாரத்தில் குடலின் மேல்முனைக்குள் நுழைந்து, 7-வது வாரத்தில் கீழ்முனையைத் தொடுகின்றன. கால் இல்லாத செல் இவ்வளவு தூரம் போவது எப்படி? எல்லாம் ஒட்டுதலின் வேலைதான்.

பிடியில் இரண்டு வகை. முதலாவது, செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான பிடி. நாம் இரண்டு பிளேட்டை போல்ட் போட்டு இணைப்பதுபோல, பக்கத்துச் செல்களை இணைப்பது கேடரின் என்ற புரதம். ஜப்பானில் கியோட்டோவைச் சேர்ந்த தக்கேய்ச்சி 1984-ல் இப்பெயரை வைத்தார். கால்சியம் இருந்தால்தான் இந்த போல்ட் இறுகும். கால்சியத்தை எடுத்துவிட்டால் செல்கள் கழன்றுவிடும்.

இரண்டாவது, செல்லுக்கும் தரைக்கும் இடையிலான பிடி. செல்களைச் சுற்றி ஃபைப்ரோநெக்டின் போன்ற புரதங்களால் ஆன வலைப்பின்னல் இருக்கிறது. அதுதான் ரோடு. அந்த ரோட்டைப் பற்றும் டயர், 1986-ல் பெயர் பெற்ற இன்டெகிரின்.

கிளம்பும் செல் முதலில் பக்கத்துச் செல்லைப் பிடித்திருந்த பிடியைத் தளர்த்துகிறது. பிறகு முன்பக்கம் நீட்டி ரோட்டைப் பற்றுகிறது, உடம்பை இழுக்கிறது, பின்பக்கப் பிடியை விடுகிறது. பற்று, இழு, விடு - அவ்வளவுதான் நடை. குடலுக்குள் போன பிறகும் ஒன்றையொன்று முழுக்க விட்டுவிடுவதில்லை. சங்கிலிபோலத் தொட்டபடியே போகின்றன.

நாம் படித்த உராய்வுப் பாடம் இங்கே அப்படியே பொருந்துகிறது பாருங்கள். தேய்ந்த டயர் சேற்றில் சுற்றிக்கொண்டே நிற்கும். பிரேக் ஜாம் ஆனாலும் வண்டி நகராது. 1997-ல் வளர்ப்புச் செல்களை வைத்துச் செய்த ஆய்விலும் இதே கதைதான். பிடி குறைந்தாலும் வேகம் குறைந்தது, மிகுந்தாலும் குறைந்தது. நடுத்தரப் பிடியில்தான் அதிக வேகம்.

2006-ல் வந்த ஓர் ஆய்வு என் அக்கா குழந்தையின் கதையைப் போலவே இருந்தது. சுண்டெலிக் கருவில் இந்தச் செல்களிடமிருந்து மட்டும் பீட்டா-1 என்ற இன்டெகிரினை நீக்கினார்கள். ரோட்டைப் பற்ற முடியாத செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கும்பலாகிவிட்டன. குடலின் கடைசிப் பகுதி நரம்புச் செல் இல்லாமல் வெறுமையாக நின்றது!

நடை மட்டும் போதாது, எண்ணிக்கையும் வேண்டும். கிளம்பும் செல்கள் கொஞ்சம்தான். குடலோ நீண்டுகொண்டே போகிறது. நடந்துகொண்டே பெருகினால்தான் கடைசி வரை நிரப்ப முடியும். வளர்ச்சிக்கும் பிடியே ஆதாரம். தரையைப் பற்றியிருக்கும்போதுதான் இன்டெகிரின் வழியாக 'உயிரோடு இரு, பெருகு' என்ற சைகை உள்ளே போகிறது. பிடி இழந்த செல்கள் பல தாமாகவே மடிந்துவிடும். இதற்கு 1994-ல் 'அனாய்கிஸ்' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் 'வீடில்லாமை' என்று அர்த்தம்.

இந்நோயின் பெயர் ஹிர்ஷ்ஸ்ப்ரங். கோபன்ஹேகன் குழந்தை மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1886-ல் இதை விவரித்தார். சுமார் 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. ஒட்டுதல் குறைபாடு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. செல்களைப் பெருகச் சொல்லி முன்னே இழுக்கும் சைகையைப் பெறுகிற 'ரெட்' என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றமே முக்கியமான காரணம். நரம்பில்லாத பகுதியை வெட்டியெடுத்து நல்ல குடலை ஆசனவாயோடு இணைக்கும் அறுவை சிகிச்சையை 1948-ல் ஸ்வென்சன் வெளியிட்டார். அதன் வழிவந்த முறைகள்தான் இன்றும் கைகொடுக்கின்றன.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டில் ஒரே ஒரு கணக்குதான் சொன்னேன். "கிரகணம் வந்தது ஏழாம் மாசம். செல்லு நடந்து முடிக்க வேண்டியது ஏழாம் வாரம். அப்புறம் கிரகணத்து மேல எப்படிப் பழி போடுவீங்க?" பாட்டி பதில் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அக்காதான் என் நோட்டை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

நண்பர்களே, உங்கள் தெருவிலும் இப்படி ஒரு தாய் பழி சுமந்துகொண்டு இருக்கலாம். அவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். எங்கள் மருமகப்பிள்ளையைக் கேட்கிறீர்களா? ஆபரேஷன் முடிந்து, இப்போது வீடு முழுக்க ஓடுகிறான். பிடிக்கத்தான் முடியவில்லை!

- இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை