மலையேறும் முன் மருந்துப் பையைத் திறந்து பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எம்மில் பலருக்கு மலை என்றால் கீரிமலைதான். அங்கே மலை இல்லை, கேணிதான் இருக்கிறது என்பது வேறு விடயம். சிவனொளிபாதமலை ஏறியவர்கள் சிலர் உண்டு. அதுவும் வழிநெடுக வெளிச்சமும் தேநீர்க் கடைகளும் இருக்க, படிகளில் ஏறிய அனுபவம். அந்த நினைப்போடு ஒன்ராறியோவின் வடக்குக் காட்டு மலைகளுக்குப் போனால் என்ன நடக்கும் என்பதனை நாம் நேரிலேயே கண்டோம்.

சில வருடங்களுக்கு முன்னர், செப்ரெம்பர் மாதத்தில், நான்கு குடும்பங்கள் சேர்ந்து கில்லார்னி மாகாணப் பூங்காவுக்குச் சென்றோம். ரொறன்ரோவில் இருந்து 400ஆம், 69ஆம் நெடுஞ்சாலைகளில் வடக்கே போய், 637இல் திரும்பினால், ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் அந்த வெள்ளைப் பாறை மலைகளை அடையலாம். 'த கிராக்' எனப்படும் பாறைப் பிளவுக்குப் போய்வர 6 கிலோமீற்றர். "இது என்ன தூரம், எங்கட தெருவிலேயே தினமும் இவ்வளவு நடக்கிறன்" என்றார் எம்முடன் வந்த அண்ணர் ஒருவர். வயது 58, பத்து வருடமாக நீரிழிவு. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டை உச்சியில் சாப்பிடலாம் என்று புறப்பட்டார்.

கடைசிப் பகுதி நடையே அல்ல, கையும் காலும் கொண்டு பாறைகளின் மேல் ஏறுவது. இரண்டு மணியாகியும் உச்சி வரவில்லை. அண்ணருக்கு வியர்த்துக் கொட்டியது. கேட்டதற்கு மாறிப் பதில் சொன்னார், காரணமில்லாமல் கோபப்பட்டார். களைப்பு என்றுதான் அக்கா நினைத்தார். சீனி பார்க்கும் கருவியும் குளுக்கோஸ் குளிசையும் கீழே காரில் இருந்தன. கைத்தொலைபேசியில் சிக்னல் இல்லை. ஒரு பிள்ளையின் பையில் இருந்த யூஸ் பெட்டிதான் அன்று அவரைக் காப்பாற்றியது. கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். அதன்பின் நாம் உச்சியைப் பார்க்கவில்லை, அவரைப் பிடித்தபடி மெதுவாக இறங்கினோம். பெரிய வைத்தியசாலை சட்பரியில் இருக்கிறது, வாகனத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல். அதுவும் வாகனம் வரை வந்து சேர்ந்தால்தான்.

அடுத்த வருடம் அதே பூங்காவில் மூன்று நாள் நடைக்குத் திட்டமிட்டபோது, முதலில் வரைபடத்தை எடுக்கவில்லை. ஒவ்வொருவரும் எடுக்கும் மருந்துகளின் பட்டியலை எடுத்தோம். எம்மவர் தம் வருத்தத்தை வெளியில் சொல்ல மாட்டார்கள். வீட்டில் இருக்கும்போது அது அவரவர் விருப்பம். காட்டுக்குள் கூட வருபவர்களுக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும்.

தெற்காசியர்களாகிய எமக்கு நீரிழிவும் இருதய நோயும் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருவது பலரும் அறிந்ததே. மெற்போமின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. இன்சுலின் போடுபவர்களும் கிளிக்ளசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுமே கூடிய கவனமாக இருக்க வேண்டும். பாரம் சுமந்து நாள் முழுவதும் நடந்தால், அன்று இரவு நித்திரையிலும் சீனி இறங்கலாம். ஆகவே மருந்தின் அளவைக் குறைக்க வேண்டுமா என்பதனைக் குடும்ப வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள், நீங்களாகக் குறைக்க வேண்டாம். அளவு 4.0க்குக் கீழே போனால் 15 கிராம் சீனி, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதனையும் ஊற்றக் கூடாது. அதற்கென மூக்கினுள் செலுத்தும் குளுக்கொகன் தூள் உண்டு, வைத்தியரிடம் விசாரியுங்கள். இன்சுலின் உறையவும் கூடாது, வெயிலில் சூடேறவும் கூடாது. குளிர் இரவுகளில் அதனை உறங்கும் பைக்குள் வைத்துக்கொள்வதே நல்லது.

இனி இடத்தைப் பற்றி. கில்லார்னியைச் சுற்றிவரும் லா குளோஷ் சிலுவெற் பாதை 78 கிலோமீற்றர். ஃபிராங்ளின் கார்மைக்கேல் என்ற ஓவியரின் படம் ஒன்றின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். முழுவதையும் நடக்க ஒரு வாரமாவது வேண்டும், பத்து நாள் எடுப்பவர்களும் உண்டு. அங்குள்ள மிக உயர்ந்த சில்வர் பீக் 543 மீற்றர்தான். சிவனொளிபாதமலையோ 2,243 மீற்றர். ஆகவே உயரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பாறை, வேர், சேறு என்று மாறி மாறி வரும் பாதையில், முதுகில் பாரத்துடன், மணிக்கு இரண்டு கிலோமீற்றர் போனாலே பெரிய காரியம். நாம் குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகத்தை வைத்தே நாள் கணக்குப் போட்டோம். அந்த அண்ணரும் வந்தார், முன்னால் நடந்தவர் அவர்தான்.

உள்ளே தங்குவதற்கான இடங்களை ஐந்து மாதங்களுக்கு முன்பிருந்தே பதிவு செய்யலாம். கோடை விடுமுறை நாட்கள் வேகமாக நிரம்பிவிடும். மே, யூன் மாதங்களில் கறுப்பு ஈக்களும் நுளம்பும் பிய்த்துத் தின்னும் என்பதால் எமது தெரிவு செப்ரெம்பர்தான்.

பயிற்சிக்கு மலை தேடி அலையத் தேவையில்லை. ஸ்காபரோவில் உள்ளவர்களுக்கு ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. மாடிக் கட்டடங்களில் வசிப்போருக்குப் படிக்கட்டு இருக்கவே இருக்கிறது. முதுகுப் பைக்குள் 10 கிலோ அரிசிப் பையை வைத்து இரண்டு மாதம் ஏறி இறங்கினோம். பக்கத்து வீட்டார் ஒருமாதிரித்தான் பார்த்தார்கள். புதுச் சப்பாத்தை மலையில் முதன்முதலாகப் போடாதீர்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் வரும் சிறு கொப்புளமும் பெரும் புண்ணாகலாம், ஒவ்வொரு மாலையும் பாதங்களைப் பார்த்தே ஆகவேண்டும்.

சாப்பாட்டு விடயத்தில் எம் வீட்டுப் பெண்கள் பெரிய சிக்கலைச் சந்தித்தார்கள். பூங்காவின் உட்பகுதிக்குள் ரின்களும் போத்தல்களும் கொண்டுபோக முடியாது. ரின்மீனும் ஊறுகாய்ப் போத்தலும் வீட்டோடு நின்றன. கைகொடுத்தது ஊர்ச் சாமான்தான்: புழுக்கொடியல், பயற்றம் உருண்டை, எள்ளுருண்டை, வறுத்த கச்சான், சத்துமா. பாரமும் இல்லை, பழுதாவதும் இல்லை. கருவாடு வேண்டாம் என்று நாமே தடுத்தோம். கரடிக்கு மூக்கு எம்மைவிடக் கூர்மையானது. உணவு, பற்பசை, சவர்க்காரம் எதனையும் கூடாரத்துக்குள் வைக்காமல், தூரத்தில் உயரமான கிளையில் கட்டித் தொங்கவிட வேண்டும்.

ஏரித் தண்ணீர் பளிங்குபோல இருக்கிறது என்று அள்ளிக் குடிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஜியார்டியா கிருமி வாரக்கணக்கில் வயிற்றோட்டம் தரும். நன்கு கொதித்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள்.

குளிரில் விறைத்துப்போவது பனிக்காலத்தில் மட்டும் நடப்பதல்ல. 10 பாகையில் மழையில் நனைந்து காற்றும் அடித்தால் போதும். நடுக்கம், பேச்சுக் குழறல், தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். சீனி இறங்கும்போதும் ஏறக்குறைய இதேதான் தெரியும் என்பதால், நீரிழிவு உள்ளவரென்றால் உடனே சீனியையும் பாருங்கள். பருத்தி உடையும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது. கம்பளி அல்லது செயற்கை நூல் உடையே உகந்தது. நடந்து முடிந்ததும் உண்ணி கடித்திருக்கிறதா என்று உடம்பு முழுவதும் பாருங்கள். கறுப்புக்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பும். சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுத்து எடுத்துவிட்டு, தாமதிக்காமல் வைத்தியரைக் கேளுங்கள்.

புறப்படும் முன் ஒரு தாளில் எழுதினோம்: எந்தப் பாதை, ஒவ்வோர் இரவும் எந்தத் தங்குமிடம், யார் யார், என்னென்ன மருந்து, எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணிக்குப் பிறகு 911ஐ அழைக்க வேண்டும். அதனை மார்க்கத்தில் உள்ள தங்கையிடம் கொடுத்தோம். செய்மதி மூலம் செய்தி அனுப்பும் கருவி ஒன்றையும் வாடகைக்கு எடுத்தோம். மூன்றாம் நாள் மாலை, காரடிக்கு வந்ததும் அண்ணர் செய்த முதல் வேலை, விரலில் குத்திச் சீனி பார்த்ததுதான். 6.2. அதன்பின் தங்கைக்குச் செய்தி அனுப்பினோம். அவர் அந்தத் தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, நான்கு மணியிலிருந்து அதன் பக்கத்திலேயே இருந்தாராம்.